அது புல்லுருவி இல்லை, வாண்டா

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கோயில்காட்டு மரங்களில் தொற்றி நிற்கும் ஒரு செடியைப் பலரும் புல்லுருவி என்றே நினைக்கிறார்கள், மரத்தைக் கெடுத்துவிடும் என்று அரிவாளால் செதுக்கி எறிந்தும் விடுகிறார்கள். போன ஆடியில் ஒரு இலுப்பை மரத்தடியில் அப்படிக் கிடந்த ஒன்றைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அது ஆர்கிட். பெயர் வாண்டா டெசலேட்டா. இப்போதெல்லாம் எங்காவது ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், வேரைப் பாருங்கள். புல்லுருவி கிளைக்குள் துளைத்து இறங்கி, மரம் ஏற்றுகிற தண்ணீரையே உறிஞ்சும். வாண்டாவின் வேர் பட்டைக்கு உள்ளே போகாது. மேலேயே ஒட்டி ஓடும், மீதி காற்றில் தொங்கும். மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம், அவ்வளவுதான். அந்த வேர் காய்ந்திருக்கும்போது சாம்பல் வெள்ளையாக இருக்கும், ஒரு கை தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே பச்சையாக மாறும். வேரைச் சுற்றி இறந்த செல்களாலான பஞ்சுப் போர்வை ஒன்று உண்டு, வெலமன் என்பார்கள். காய்ந்த நேரத்தில் அதில் காற்றுதான் இருக்கும், அது ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் ஏறியதும் உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் திடீரென்று பெய்கிற கோடை மழையைப் பிடித்துவைக்க இதைவிட என்ன வேண்டும்? போதாததற்கு, இலைத்துளைகளை இரவில்தான் பெரும்பாலும் திறக்கிறது, பகலில் ஈரம் வீணாவதில்லை.

இலை வார்போல நீண்டு, நடுவில் வாய்க்காலாக மடிந்து, நுனி எலி கடித்தாற்போல இருக்கும். பூவோ நம் கண்டாங்கிச் சேலைதான்! மஞ்சள் கலந்த இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவே ஊதா நாக்கு, நல்ல வாசனை. 1795-இல் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ வைத்த டெசலேட்டா என்ற பெயருக்கும் கட்டம் போட்டது என்றுதான் பொருள்.

விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிடையாது. விழுந்த இடத்தில் ஏற்ற பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும், பூக்கப் பல வருடம் ஆகும். அதனால் ஒன்றை வெட்டினால் அடுத்தது சீக்கிரம் வராது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டி மண்ணில் புதைத்தாலும் வேர் அழுகிவிடும்.

கீழே கிடந்ததை அதே இலுப்பையில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு வந்தேன். ஐப்பசி மழை விட்டதும் போய்ப் பார்த்தால், பச்சை நுனியோடு புது வேர் ஒன்று பட்டையைப் பிடித்திருந்தது.