ஓரத்தில் எழுதப்பட்ட சிரிப்பு: ஸ்டாலினின் நோக்கத்தைத் தேடி

ஸ்டாலின் மரபணுவியலை ஏன் ஒடுக்கினார், மறைந்துபோன ஒரு தலைவரின் நோக்கத்தை அறிவியல் முறையில் அறிய முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓரளவு முடியும்.

வாழ்நாளில் பெற்ற பண்புகள் சந்ததிக்கும் செல்லும் என்று வாதிட்ட சோவியத் வேளாண் அறிவியலாளர் லைசென்கோ, 1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த வேளாண் அறிவியல் கழகக் கூட்டத்தில், தமது அறிக்கைக்குக் கட்சியின் மத்தியக் குழு ஒப்புதல் அளித்துவிட்டதாக அறிவித்தார். மரபணுவியலாளர்கள் பதவி இழந்தார்கள், ஆய்வகங்கள் மூடப்பட்டன. மாபெரும் விதைச் சேகரிப்பை உருவாக்கிய மரபணுவியலாளர் வவிலோவ் 1943-லேயே சரத்தோவ் சிறையில் இறந்திருந்தார். அறிவியலுக்கும் வர்க்கம் உண்டு, முதலாளிகளின் அறிவியல் வேறு, தொழிலாளர்களின் அறிவியல் வேறு என்ற கோட்பாடே இத்தனைக்கும் காரணம் என்றுதான் பலரும் நம்பினார்கள்.

பொதுமேடைப் பேச்சை வைத்து உள்ளத்தை எடைபோடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1967-ல் உளவியலாளர்கள் ஜோன்ஸும் ஹாரிஸும் நடத்திய சோதனையில், கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதும்படி பணிக்கப்பட்டவரின் கட்டுரை அது என்று தெரிந்த பிறகும், எழுதியவருக்குக் காஸ்ட்ரோ மீது ஓரளவேனும் ஆதரவு இருக்கும் என்றே வாசித்தவர்கள் கருதினார்கள். ஆகவே, பிறர் பார்வைக்கென்று எழுதப்படாத சான்று தேவைப்படுகிறது.

அத்தகைய சான்று சோவியத் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. லைசென்கோவின் அறிக்கையை ஸ்டாலின் தம் கைப்பட வரிவரியாகத் திருத்தியிருந்ததை, 1993-ல் வெளியான கட்டுரையில் கிரில் ரோசியானோவ் விரிவாக ஆராய்ந்தார். இத்தகைய வரைவின் அருமை என்னவென்றால், ஒவ்வொரு அடித்தலும் ஒரு கருதுகோளைச் சோதிக்கிறது. வர்க்கக் கோட்பாடே உண்மையான தூண்டுதல் என்றால், அச்சொற்களை ஸ்டாலின் காப்பாற்றியிருக்க வேண்டும், இன்னும் கூர்மையாக்கியிருக்க வேண்டும். அவரோ 'முதலாளித்துவ' என்ற அடைமொழியைத் தேடித்தேடி நீக்கி, சில இடங்களில் 'பிற்போக்கு' என்று மாற்றினார், எந்த அறிவியலும் வர்க்கச் சார்புடையதே என்ற வரியின் ஓரத்தில், "ஹா-ஹா-ஹா!!! அப்படியானால் கணிதம்? டார்வினியம்?" என்று எழுதினார். அந்தச் சிரிப்பு எந்த மேடைக்காகவும் எழுதப்பட்டதன்று. பரவலாக நம்பப்பட்ட ஒரு விளக்கத்தை ஓரக்குறிப்பு ஒன்றே இப்படி ஆட்டம் காணச் செய்வதைக் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி, ஆய்வகச் சோதனையொன்று தெளிவான விடை தரும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

அடுத்து, வேறு காலத்துச் சான்றுகளும் இதனுடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகின்றன. ஆட்சிக்கு வருவதற்கு வெகுமுன்பே, 1906-07-ல் எழுதிய கட்டுரைத் தொடரில், பெற்ற பண்புகள் சந்ததிக்குச் செல்லும் என்னும் புதிய லாமார்க்கியக் கொள்கை வளர்ந்துவருவதை அவர் ஆதரவுடன் குறிப்பிட்டிருந்தார். 1947-ல் லைசென்கோவுக்கு அனுப்பிய கடிதத்திலோ, கதிர் கிளைக்கும் கோதுமையின் மீது பெரும் நம்பிக்கை வைத்திருந்தார். நாடு அப்போதுதான் ஒரு பஞ்சத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தது. உயிர்களை விரும்பியபடி வளைத்துவிடலாம் என்ற பழைய, உண்மையான நம்பிக்கையும் தானியத் தேவையும் சேர்ந்தே அவரை இயக்கின என்பதே என் முடிவு. இது அவர் செய்த கொடுமையை இம்மியும் குறைக்காது.

ஆவணக் காப்பகங்களுக்குச் செலவிடும் பணத்தை அறிவியல் ஆய்வுக்கான நிதியாகவே அரசுகள் கருத வேண்டும். அந்தத் தாள்கள் செல்லரித்திருந்தால் இந்தச் சோதனையை நடத்தவே வழி இருந்திருக்காது.

எனினும், நெடுநாளைய நம்பிக்கை 1948-ல் ஏன் ஆணையாக மாறியது என்பதை வரைவு சொல்வதில்லை. மேற்குலகுடன் முற்றிவந்த பகையைச் சிலர் காரணமாகக் காட்டுகின்றனர். அவ்வாண்டு ஏப்ரலில் கட்சியின் அறிவியல் துறைப் பொறுப்பிலிருந்த யூரி ஜ்தானோவ் லைசென்கோவை விமர்சித்துப் பேசியது ஸ்டாலினுக்குச் சினமூட்டியதை வேறு சிலர் முதன்மைப்படுத்துகின்றனர்.