பல்பு புதிது, கோளாறு பழையது

பைக் ஹெட்லைட்டுக்குப் புது பல்பு மாட்டியும் விளக்கு எரியவில்லை, அல்லது எரிந்தும் மங்கலாகவே இருக்கிறது என்றால், பெரும்பாலோர் கடைக்குத் திரும்பிப் போய் இன்னொரு பல்பு வாங்குகிறார்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை என்று சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் அந்த இரண்டாவது பல்புக்குக் கொடுத்த காசு அநேகமாக வீண். பின்னிரவில் கரைக்குப் புறப்படுகிற மீனவருக்கும், ஏலம் முடிந்து மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிற வியாபாரிக்கும் ஹெட்லைட் உயிர் காக்கும் பொருள். கருவேல மறைவிலிருந்து ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தால் அதைக் காட்டுவது அந்த ஒற்றை விளக்குதான். ஆகவே கோளாறு எங்கே குடியிருக்கிறது என்று பொறுமையாகத் தேடுவது தகும். அதற்கு மின்சாரம் போகும் வழி தெரிந்தால் போதும்.

பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று டிம்முக்கு, மற்றொன்று பிரைட்டுக்கு. வெளியே மூன்று கால்கள்: இழைக்கு ஒன்றாக இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்துக்கு ஒன்று. இரண்டு இழைகளும் ஒரே நொடியில் அறுவது அரிது. டிம், பிரைட் இரண்டும் ஒரே சமயத்தில் போயிருந்தால், அவை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: ஃபியூஸ், பல்பின் கால்கள் செருகும் ஹோல்டர், எர்த், கைப்பிடியில் இருக்கும் ஸ்விட்ச். ஒன்று மட்டும் போயிருந்தால் இழை அறுந்திருக்கலாம், அல்லது டிம் ஸ்விட்ச்சின் அந்தப் பக்கத்துத் தொடுமுனை கெட்டிருக்கலாம். பல்பை மல்டிமீட்டரில் சோதிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் 35 வாட் இழை அரை ஓமுக்கும் குறைவாகக் காட்டும். அது ஷார்ட் என்று பொருளாகாது. டங்ஸ்டன் சூடேறும்போது அதன் மின்தடை பத்து மடங்கு வரை கூடி 4 ஓம் அளவுக்கு வந்துவிடும்.

வேறொரு தவறான சந்தேகத்தையும் இங்கேயே நீக்கிவிடலாம். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்பது விதி. அவற்றில் ஹெட்லைட்டுக்குத் தனி ஸ்விட்ச் இல்லை. பல வண்டிகளில் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே விளக்கு எரியும். சாவியை மட்டும் திருப்பிவிட்டு எரியவில்லையே என்று தவிக்க வேண்டியதில்லை.

எர்த் கெட்டதைக் கருவி எதுவும் இல்லாமல் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. டிம்மில் வைத்திருக்கிறோம், ஹெட்லைட் இருண்டு கிடக்கிறது, ஆனால் ஸ்பீடோமீட்டரில் பிரைட்டுக்கான நீல விளக்கு எரிகிறது. பார்க்கிறவர்கள் ஸ்விட்ச் குழம்பிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் டிம் இழை வழியாக வந்த மின்னோட்டம், எர்த் பாதை அடைபட்டதால் பிரைட் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, பிரைட் ஒயரில் ஏறி, அதே ஒயரில் தொங்கும் நீல விளக்கைக் கடந்து, அந்த விளக்கின் எர்த் வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது. நீல விளக்கு மிகச் சிறியது. அது அனுமதிக்கும் சொற்ப மின்னோட்டத்தில் ஹெட்லைட் இழைகள் சிவக்கக்கூட மாட்டா. இந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டால் பல்பைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. ஹோல்டரிலிருந்து கிளம்பும் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போக வேண்டியதுதான்.

மூட்டுகளை இங்கே இவ்வளவு விரைவாகக் கெடுப்பது உப்பு. கச்சான் காலத்தில் தென்மேற்கிலிருந்தும் வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்தும் காற்று அடிக்கிறது. மண்டபம் முனைக்கும் பாம்பன் தீவுக்கும் இரு பக்கமும் கடல் என்பதால் ஆண்டு முழுவதும் உப்புத் துளி பறந்துகொண்டே இருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் துருவால் பலமிழந்து 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை இழந்தது. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் மையம் அமைத்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். பாலத்தின் இரும்பையே தின்கிற காற்றுக்கு ஹோல்டருக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடு எம்மாத்திரம்?

உப்பு தன் வேலையைச் செய்ய மழை தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரம் பிடிக்கத் தொடங்கும். ஆகவே ஒரு சொட்டு மழை இல்லாத சித்திரை இரவிலும் டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், இருக்கும் டெர்மினல் உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது. செம்பும் பித்தளையும் காற்றுப் பட்டதும் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பது அந்தப் படலம். உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் அதைத் துளைத்துவிடுகின்றன. செம்புக் கம்பி, பித்தளைத் தகடு, வெள்ளீயப் பூச்சு என வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் அங்கே ஒரு குட்டி மின்கலமும் உருவாகி அரிப்பை விரைவாக்குகிறது. மிஞ்சுவது பச்சைக் களிம்பு. அது மின்சாரத்தைக் கடத்தாது.

பல்பை மாற்றிய பிறகே கோளாறு வெளியே வருவதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு தகடுகள் அழுந்தி நிற்கும்போது பரப்பு முழுவதும் தொடுவதாகத் தோன்றும். உண்மையில் இரண்டிலும் உள்ள நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் கடக்கிறது. பழைய பல்பின் கால்கள் பல மாதங்களாக அசையாமல் நின்றதால் அந்தப் புள்ளிகளுக்குள் உப்புநீர் எளிதில் நுழைந்திருக்காது, சுற்றிலும் களிம்பு ஏறியிருந்தாலும் விளக்கு எரிந்திருக்கும். ஹோல்டரை இழுத்துக் கழற்றிய கணத்தில் அந்த இணைப்பு கலைந்துபோகிறது. களிம்பு உதிர்ந்து தொடுமிடத்தில் விழுகிறது, சூட்டில் விறைப்பிழந்த தகடு அகன்றுவிடுகிறது, ஒயருக்குள் கறுத்துப்போன செம்பிழைகள் ஒன்றிரண்டு முறிகின்றன. புது பல்பின் பளபளப்பான கால்கள் இப்படிப்பட்ட ஹோல்டருக்குள்தான் போய் நிற்கின்றன.

இதன் விலையைக் கணக்காகவே பார்க்கலாம். 12 வோல்ட்டில் 35 வாட் பல்பு ஏறத்தாழ 2.9 ஆம்பியர் எடுக்கும். வழியில் எங்கோ அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 2.6 ஆம்பியராகக் குறைகிறது. பல்புக்குப் போய்ச் சேர்வது 10.7 வோல்ட். போனது 1.3 வோல்ட்தானே என்று விட்டுவிட முடியாது. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அத்துடன் அந்தக் கெட்ட இணைப்பில் 3 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. குண்டூசித் தலை அளவு இடத்தில் அவ்வளவு வெப்பம் தேங்கினால் தகடு மேலும் விறைப்பிழக்கும், தடை மேலும் கூடும், ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். வெளிச்சம் போதவில்லை என்று 60 வாட் பல்பை மாட்டுவது இதனால்தான் ஆபத்து. அதே தடையில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும்.

இந்தத் தடையைப் பிடிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோல்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். மீட்டர் வழியாகப் போகும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம். மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடை எதையும் விழுங்காது, ஒற்றை இழை மட்டும் மிஞ்சிய ஒயர்கூட முழு மின்னழுத்தத்தைக் காட்டும். ஆகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் ஹெட்லைட்டாக இருந்தால், ஹோல்டரை மாட்டிய நிலையிலேயே மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை ஹோல்டரின் பின்புறமாக எர்த் டெர்மினலிலும் வைக்கவேண்டும். மீட்டர் காட்டுவது எர்த் வழியில் தொலைந்த வோல்ட். பாசிட்டிவ் பக்கமும் இப்படியே. இரண்டும் தனித்தனியே அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் இல்லாதவர்கள் ஹோல்டரின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஓர் ஒயரைத் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு சட்டென்று பிரகாசித்தால் குற்றவாளி எர்த் ஒயர்தான். அப்படியே ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பார்ப்பதும் நல்லது. ஒயர்கள் அதிகம் மடங்கி முறியும் இடம் அதுதான்.

சிறிய, பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் எஞ்சினின் காயிலிலிருந்து நேராக மின்சாரம் பெறுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு மங்குவது அங்கே இயல்பு. எந்த வண்டியானாலும் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பல்பு அடிக்கடி போகிறதென்றால் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே இழையின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

சுத்தம் செய்வதற்கு முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். உப்பை நீக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும், எண்ணெய் மட்டும் தெளித்தால் உப்பு அடியிலேயே தங்கிவிடும். நம் கடற்கரையில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உவர்நீர். அதைக் கொண்டு கழுவினால் கழுவிய இடத்திலேயே மறுபடி உப்பு பூசியதாகும். கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர் சிறந்தது. நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, மிஞ்சிய களிம்பை மெல்லிய உப்புத்தாளால் எடுத்து, அகன்ற தகட்டைக் குறட்டால் சற்றே நெருக்கி, சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். வாசலின் சூட்டில் உருகி வழிந்துவிடும் என்பதால் பல்புக்குத் தள்ளியிருக்கும், ஒயர்களை இணைக்கும் கப்ளர்களுக்கு மட்டும் அது போதும். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை, புதிது போட வேண்டும். அப்படிப் போடும்போது ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இந்தக் காற்றில் சில மாதங்கள்கூடத் தாங்காது. செம்பு கறுத்திருக்கும் வரை வெட்டி எறிந்துவிட்டு, பளிச்சென்ற செம்பு தெரிந்த இடத்தில் ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும்.

புது பல்பையும் உப்பு விட்டுவைக்காது. ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடி எரியும்போது 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூடு இருந்தால்தான் ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் படியாமல், ஹாலஜனுடன் சேர்ந்து இழைக்கே திரும்பும். வலையையோ மீனையோ தொட்ட கையால் கண்ணாடியைப் பிடித்தால் விரலில் உள்ள உப்பின் சோடியம் அந்தச் சூட்டில் குவார்ட்ஸைப் படிகமாக்கி வெள்ளைத் திட்டாக்கும். கண்ணாடி அந்த இடத்தில் பலமிழந்து வெடிக்கக்கூடும். பல்பை அடிப்பகுதியில் பிடிப்பதே வழக்கமாக இருக்கட்டும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஆறிய பல்பை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும். டூமின் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைத் திரும்ப மாட்ட மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் உப்புத் துளி நேராக ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சில் உட்காரும். அந்தப் பூச்சு ஒருமுறை மங்கினால் எந்தப் பல்பும் ஈடு செய்யாது.

விளக்கு நன்றாக எரிந்தும் சாலை தெரியாமல் மரக்கிளை தெரிகிறதென்றால் பல்பு சரியாக உட்காரவில்லை. டிம் இழையின் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் அது தடுப்பதால்தான், மேல்பாதியில் பட்ட ஒளி சாலையை நோக்கி இறங்குகிறது. பல்பின் விளிம்பில் உள்ள காதுகள் அவற்றுக்குரிய பள்ளத்தில் பொருந்தாமல் திரும்பி நின்றால் அந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

கடைசியாக, வண்டியைச் சமதரையில் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஓட்டுகிறவர் உட்கார்ந்த நிலையில், டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சற்றுத் தாழ்வாக விழுகிறதா என்று பார்த்து டூமின் திருகைச் சரிசெய்ய வேண்டும். மீன் பெட்டி கட்டுகிற வண்டிக்கு இதைப் பெட்டியும் ஐஸும் ஏற்றிய பிறகே செய்ய வேண்டும். பாரத்தில் பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் மேலே ஏறி, பாம்பன் சாலைப் பாலத்தில் எதிரே வருகிறவரின் கண்ணில் நேராக அடிக்கும்.