விலாசத்தை நம்பிக் கொடிவழி வரையாதீர்கள்

பத்திரம் எழுதுவதோடு பழைய ஓலைகளையும் ஏடுகளையும் படித்துச் சொல்வதும் என் தொழில். சென்ற வாரம் வெளிநாட்டிலிருந்து வந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு இளைஞர் ஒருவர், சுவரை அடைக்கும் அளவுக்கு அச்சிட்டு லேமினேஷன் செய்த கொடிவழி (வம்சாவளிப் படம்) ஒன்றைக் காரைக்குடியிலுள்ள என் மேசைமீது விரித்தார். ஏழு தலைமுறைகள் அதில் இருந்தன. அவருடைய ஐயாவை (அப்பாவின் அப்பா) பெற்றவர்களுக்குத் திருமணம் 1862-இல் என்றும், ஐயா பிறந்தது 1926-இல் என்றும் போட்டிருந்தது. இடையிலுள்ள 64 ஆண்டுகள் அந்த வீட்டில் ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை. இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது கொடிவழி இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருமண ஒப்பந்தமான இசைகுடிமான ஓலையில் இருந்தது ‘துந்துபி வருடம் தை மாதம்’ என்பது மட்டுமே. தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1862-இல் வந்த துந்துபி 1922-லும் வந்தது. ஓலை என்றாலே மிகப் பழையது என்று எண்ணி முந்தையதை எடுத்துக்கொண்டார்கள். வருடம் சித்திரையில் பிறப்பதால், அந்தத் துந்துபியின் தை மாதம் 1923-இல்தான் வரும் என்பதையும் யாரும் பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய தவறு விலாசத்தில், அதாவது பெயருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்துகளில் இருந்தது. அந்த எழுத்துகள் அப்பச்சி (அப்பா), ஐயா என்று படிப்படியாக மேலே ஏறுகின்றன என்றும், அதே எழுத்துகளோடு அதே ஊரில் வேறொருவரைக் கண்டுவிட்டால் அவர் பங்காளிதான் என்றும் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். விலாசம் குடும்பப் பெயரைப் போலத் தோன்றினாலும், பழைய காகிதங்களில் பெரும்பாலும் அது கடையின் அடையாளமாகவே நிற்கிறது. ரங்கூனிலோ பினாங்கிலோ கடையை நடத்திய முகவர், முதலாளியின் விலாசத்தைப் போட்டு அதன்கீழ்த் தம் கையெழுத்தை இட்டிருப்பார். அவர் முதலாளியின் மகனல்லர், மூன்றாண்டுக் கணக்குக்குப் போன சம்பளக்காரர். அவரை மகனாக்கிச் சொந்தம் கொண்டாடிய கொடிவழியையும் நான் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்குப் பேரனுக்கு ஐயாவின் பெயரை வைப்பது நம் வழக்கம். செட்டிநாட்டரசர் அண்ணாமலை செட்டியாரின் தந்தையும் முத்தையா, மகனும் முத்தையா. அறிந்த குடும்பம் என்பதால் நாம் குழம்புவதில்லை. அறியாத வீட்டில் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். ராமநாதனும் சிதம்பரமும் அருணாசலமும் தலைமுறைதோறும் திரும்பி வரும் ஊரில், ‘ராம. சித.’ என்ற எழுத்துகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வீடுகள் போட்டுக்கொள்ளும்.

எண்களையும் கவனியுங்கள்: பழைய கணக்கில் ௭ என்று எழுதியிருப்பது ஏழு, அதை ‘எ’ என்ற தலைப்பெழுத்தாகப் படித்து, இல்லாத ஒரு மூதாதையை உண்டாக்கிவிடுகிறார்கள்.

அந்த இளைஞர் இணையத்திலிருந்து எடுத்து மேலே ஒட்டவைத்த நான்கு தலைமுறையினரும் வைரவன்கோவிலைச் சேர்ந்தவர்கள். இவரோ மாத்தூர்க் கோவில், உறையூர்ப் பிரிவு. கோவில் என்பது நகரத்தாரிடையே தந்தைவழியில் வரும் குலப் பிரிவு. பிள்ளை கூட்டினாலும் (தத்து எடுத்தாலும்) அதே கோவிலுக்குள்தான் கூட்டுவார்கள் என்பதால், ஆண்வழியில் கோவில் மாறினால் கொடி அந்த இடத்தில் அறுந்துவிட்டது என்று பொருள். நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வந்தது உண்மை. பிள்ளை கூட்டியதை மறைக்கவும் வேண்டாம். பெற்ற வீட்டுக்கு ஒரு கோடும் வந்த வீட்டுக்கு ஒரு கோடும் வரைவதே என் வழக்கம்.

உயிரோடு இருப்பவரில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று கிடைத்த பிறகே மேலே ஏறுங்கள். திருமணமான தம்பதியைக் கோவிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் சேர்ப்பதால் ஆண்வழிக்கு அதுவே முதல் சான்று. பெண் கணவரின் கோவிலுக்குப் போய்விடுவதால், ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டு வழிக்கு இசைகுடிமானத்தையும் மொய்ப்பண ஏட்டையும்தான் நாட வேண்டும். பதிவு செய்த பாகப் பத்திரமும் உயிலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். வாரிசுகளை வரிசையாகச் சொல்வதில் அவற்றை மிஞ்ச எதுவுமில்லை. சிவகங்கை மாவட்டம் 1985-இல் வந்தது. அதற்கு முன் இராமநாதபுரம், 1910-க்கு முன் மதுரை ஜில்லா என்று தேட வேண்டும். ராயவரம் பக்கத்தார் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காகிதங்களைப் பார்க்க வேண்டும். 1942-இல் பர்மாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பேரேடுகளைச் சுமந்து வரவில்லை. ஆனால் கடையிலிருந்து ஊருக்கு அனுப்பிய ஐந்தொகையும் (கடையின் நிலைக் கணக்கு) கடிதங்களும் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது. ஏனெனில் பெட்டகத்தைத் திறந்தும் பார்க்காமல் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு விற்றுவிடுகிறீர்கள். விற்பது உங்கள் விருப்பம். உள்ளே இருக்கும் காகிதத்தை எடுத்துவிட்டு விற்றால் என்ன? ஓலையில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், காகிதத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், கட்டுகளைப் பிரித்துக் கலக்காதீர்கள். எது எதோடு கட்டப்பட்டிருந்தது என்பதும் ஒரு சான்றுதான். எல்லாவற்றுக்கும் முன்பு, தயவுசெய்து அப்பத்தாவிடம் போய் உட்காருங்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று, அந்தப் பெயர் கொண்ட மகனை வேறு பெயரால் அழைத்த தலைமுறை அது. ஏட்டில் உள்ளவரும் வீட்டில் அழைக்கப்பட்டவரும் ஒருவரே என்று சொல்லக்கூடியவர் அவர் மட்டுமே.

அந்த இளைஞரின் கொடிவழியில் இப்போது மூன்று தலைமுறைகளே உறுதியாக நிற்கின்றன. நான்காவதற்காக மாத்தூர்க் கோவிலுக்கு எழுதியிருக்கிறோம்.