இந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

முதல் பிளான்டட் டேங்க் (உயிர்ச்செடிகள் நட்ட மீன்தொட்டி) வைத்தபோது சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் 12 நியான் டெட்ராவும், அழகுக்காக நாணயம் அளவில் இரண்டு ஏஞ்சல் குட்டிகளும் வாங்கி வந்தேன். "எல்லாம் சாது மீன்தான் சார், ஒண்ணா விடலாம்" என்றார் கடைக்காரர். நான்கு மாதம் ஒரு வம்பும் இல்லை. அப்புறம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் நியான் 9, இரண்டு நாள் கழித்து 7. செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை, ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், செடிகளின் வேரைக் கிளறினேன், எங்கேயாவது குதித்துக் கருவாடாகிக் கிடக்கிறதா என்று சோபாவுக்கு அடியிலும் தேடினேன். கடைசியில் ஒரு விடிகாலை டேங்க் விளக்கைப் போட்டபோது ஏஞ்சலின் வாயோரம் ஒரு குட்டி வால் துடித்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஏஞ்சல் அவ்வளவு கோபக்கார மீன் இல்லைதான். ஆனால் இந்த மாதிரி மீனுக்குப் பிடித்து மென்று தின்னக் கையும் கடைவாய்ப் பல்லும் கிடையாது, அப்படியே விழுங்குகிறவை, அதனால் வாய்க்குள் நுழைகிற எதுவும் அதற்குச் சாப்பாடுதான். நியான் முழுசாக வளர்ந்தாலும் 3, 4 செ.மீ. மெலிந்த உடம்பு. ஏஞ்சலோ 15 செ.மீ. வரை போகும். இருட்டில் நியானின் நீலக்கோடு மங்கி, அது ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். விடியும் நேரத்தில் ஏஞ்சலுக்கு அதைவிட சுலபமான பலகாரம் ஏது?

ஆக, கடையில் பார்க்கும் அளவை மறந்துவிடுங்கள். "டேங்கைச் சுத்தம் செய்யும்" என்று விரல் நீளத்தில் விற்கிறார்களே சக்கர் மீன், அது ஒரு அடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கிப் போடும். வைக்க இடமில்லாமல் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களின் புண்ணியத்தில் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலையில் முள்ளோடு சிக்கிக் கிடக்கிறது. கோல்டு ஃபிஷ் பற்றி ஒரே வரி: அதற்கு நம் செடிகள் எல்லாம் கீரை.

அடுத்து எண்ணிக்கை. நம் ஊரில் மீன் வாங்குவதே ஜோடிக் கணக்கில்தான், "இதுல ஒரு ஜோடி, அதுல ஒரு ஜோடி போடுங்கண்ணே." கூட்டமாக வாழும் மீனுக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை. கூட்டத்தில் இருக்கும்போது எதிரிக்கு ஒரு மீன்மேல் கண் நிலைக்காது, பல உடல்கள் ஒரே நேரத்தில் குறுக்கே பாய்ந்தால் குறி தப்பும். அந்தப் பாதுகாப்பு போய்விட்டால் மீன் எந்நேரமும் பயத்தில் இருக்கும், நிறம் வெளுக்கும், செடிக்குப் பின்னால் ஒடுங்கும், சீக்கிரம் நோயில் விழும். டைகர் பார்ப் கதை வேறு மாதிரி. மூன்றே மூன்று விட்டால் பக்கத்து மீனின் துடுப்பைக் கத்தரிக்கும் போக்கிரி. எட்டு, பத்து விட்டால் யார் பெரியவன் என்கிற சண்டையைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், மற்றவர்களைத் துரத்த நேரமிருக்காது. (அப்போதும் கப்பி மாதிரி நீளவால் மீனை அதோடு விடமாட்டேன். ஃபைட்டரோடும் வேண்டாம், அது கப்பியின் கலர் வாலைப் பார்த்து இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று பாய்ந்துவிடலாம்.)

துடுப்புக் கடி கடிபட்ட மீனோடு முடிவதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1938-ல் மீன்களைப் பற்றியும் ஒன்றைச் சொன்னார்: காயம்பட்ட ஒரு மின்னோ மீனை (சிறு நன்னீர் மீன்) அதன் கூட்டத்தில் விட்டால் மற்றவை மிரண்டு விலகுகின்றன. கிழிந்த தோலிலிருந்து தண்ணீரில் கசியும் ஒரு வேதிப்பொருள்தான் அந்த அபாயச் செய்தி. கெண்டை, டெட்ரா, கெளுத்தி வகைகளில் பரவலாக இது உண்டு. ஒரு டெட்ராவின் தோல் கிழிந்தாலே, கடித்தவனைப் பார்க்காத டெட்ராவும் மூலையில் போய் ஒடுங்குவது இதனால்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 900-ஐத் தாண்டும், பக்கெட்டில் வெள்ளைப் படிவம் சுரண்டச் சுரண்ட வரும். கப்பி, மோலிக்கு இந்தக் கடின நீர் ஒத்துக்கொள்ளும். நியான் இனம் பிறந்ததோ அமேசான் பக்கத்து மென்னீரில், உப்பு மிகக் குறைந்த, லேசான அமிலத் தண்ணீரில். நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது, அதனால் சவ்வூடு பரவலில் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியே தள்ளும், செவுள் உப்பைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு இனமும் தன் ஆற்றுக்கு ஏற்றபடி இந்தக் கணக்கை அமைத்துக்கொண்டிருக்கிறது. பழக்கமில்லாத தண்ணீரில் மீன் உடனே சாகாது, சமாளிக்கும். சமாளிப்பதற்கும் ஒரு விலை உண்டு.

கடின நீரில் பிஹெச்சும் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) பெரும்பாலும் ஏறியே இருக்கும், ஆபத்து அங்கேதான். மீன் கழிவின் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், ஒன்று அவ்வளவு தொந்தரவில்லாதது, மற்றது நஞ்சு. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூறில் அரைப் பங்குதான் நஞ்சு வடிவம். பிஹெச் 8 ஆனால் அதுவே சுமார் ஐந்து பங்கு. அதே மீன், அதே அழுக்கு, பத்து மடங்கு விஷம். செடிகள் அம்மோனியாவை உறிஞ்சும், ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி அப்புறம் தொந்தரவு குறைந்த நைட்ரேட்டாக்கும். ஆனால் அந்தக் குடியேற்றத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், டேங்க் வாங்கிய அன்றே மீனும் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

செடி இருந்தால் ஆக்ஸிஜன் பிரச்சினையே இல்லை என்பது பாதி உண்மை. விளக்கு அணைந்ததும் செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5-தான், அதே நேரம் சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும். மே மாத விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்து இரை போட்டுவிடாதீர்கள், ஏர் பம்பைப் போடுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டடி டேங்க், கல்லும் மண்ணும் போக 55 லிட்டர் தேறும். பாதி போர், பாதி ஆர்ஓ தண்ணீர். இலங்கை ஓடைகளின் செர்ரி பார்ப் 8, அதில் பெண் ஐந்து, ஆண் மூன்று. பழுப்பாக இருக்கிறது என்று பெண்ணை யாரும் வாங்குவதில்லை, ஆனால் பெண்களும் போட்டிக்கு இன்னொரு ஆணும் இருந்தால்தான் ஆண் உண்மையிலேயே சிவக்கிறது. மேல்தளத்துக்கு ஒரு ஜோடி ஹனி கௌராமி, இது ஜோடியாக வாங்கலாம். நூல் மாதிரியான வயிற்றுத் துடுப்பால் இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி போகும், காற்றையும் நேராக விழுங்கிச் சுவாசிக்கும் என்பதால் மே மாதத்தைத் தாண்டிவிடுகிறது. பாசியைத் தின்ன நான்கு நெரைட் நத்தை, நன்னீரில் அதன் குஞ்சு வளராது, பெருகித் தொல்லை தராது.

காலையில் விளக்கைப் போட்டதும் எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரம் செர்ரி பார்ப் 9 வந்தது. திரும்பவும் எண்ணினேன், 9-தான். தாய் தகப்பனே தின்றுவிடும் முட்டைகளில் ஒன்று அடர்ந்த ஜாவா மாஸ் செடிக்குள் விழுந்து தப்பியிருக்க வேண்டும், அரிசி நீளத்தில், கண்ணாடியோரமாக நின்றுகொண்டிருந்தது.