காட்டு ஆர்க்கிடை வாங்கினால் காப்பாற்றியதாகாது

கோடை விழா முடிந்த கையோடு ஏற்காட்டில் எங்கள் நர்சரிக்கு ஒரு கூட்டம் வரும். கையில் பேப்பரில் சுருட்டிய ஆர்க்கிட், வாயில் ஒரே கேள்வி: இது பிழைக்க என்ன உரம் போடலாம்? இந்த முறை சேலத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்தது ஸ்லிப்பர் ஆர்க்கிட், அதாவது செருப்பு முனை போல் பை வடிவ இதழ் உள்ள வகை. ஆன்லைனில் வாங்கியதாம். "அகத்தியமலை ஒரிஜினல், காட்டுச் செடி" என்று விற்றவன் பெருமையாக வேறு எழுதியிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

பூ இல்லாமல் இனத்தைச் சொல்ல மாட்டேன். ஆனால் நர்சரிச் செடி இல்லை என்று வேரே சொல்லிவிட்டது. பாதி வேர் அறுந்து, மிச்சத்தில் சரளை மண் ஒட்டியிருந்தது. இலையெல்லாம் பூச்சி கடித்த ஓட்டை. தொட்டியில் வளர்ந்த செடியின் வேர் தொட்டியின் வடிவத்துக்கே சுருண்டிருக்கும். மரப்பட்டையும் கரித்துண்டும் விடாமல் ஒட்டியிருக்கும்.

விற்றவன் சொன்ன இடம் உண்மையானால் அது பாஃபியோபெடிலம் ட்ரூரி. மஞ்சள் பூ, இதழ் நடுவே கரும்பழுப்புக் கோடு. தென்னிந்தியாவின் ஒரே ஸ்லிப்பர் ஆர்க்கிட். அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 1865இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தார். பிறகு அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 1972இல் மறுபடி கண்ணில் பட்டது. செடி பிடுங்குபவர்களும் மறுபடி மலையேறினார்கள். இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிய இனம். அதற்கடுத்த படி, காட்டில் அற்றுப்போனது என்பதுதான்.

இதையெல்லாம் சொன்னதும் அவர் கேட்டார்: "நான் வாங்கலேன்னா வேற யாராவது வாங்கிச் சாகடிச்சிருப்பாங்கண்ணா. என்கிட்ட பத்திரமா இருக்கும்ல?"

என்னால் தாங்கவே முடியாத பேச்சு இதுதான். நீங்கள் கொடுத்த பணம் அடுத்த செடியைத் தோண்டக் கூலி. அது புரியவில்லை என்றால் இதைக் கேளுங்கள். ஸ்லிப்பர் ஆர்க்கிட் பூவில் தேன் கிடையாது. பூச்சியை ஏமாற்றிப் பை போன்ற இதழுக்குள் விழவைத்து, அது வெளியேறும் வழியில் மகரந்தத்தைப் பூசி அனுப்புகிறது. அதே பூச்சி பக்கத்தில் இன்னொரு பூவிலும் ஏமாந்தால்தான் காய். பக்கத்துச் செடி உங்கள் பால்கனியில் இருந்தால்? சரி, காய்த்தே விட்டது என்று வையுங்கள். விதை வெறும் தூசி, உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. அந்த மண்ணில் இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். முளைத்தது பூக்கப் பல வருடம். உங்கள் தொட்டியில் அது பத்து வருடம் பூத்தாலும் அகத்தியமலைக்கு ஒரு நாற்று கூடச் சேராது. இந்தச் செடிக் கணக்கில் காட்டிலிருந்து எடுத்ததும் செத்ததும் ஒன்றுதான்.

ஏற்காடும் கிட்டத்தட்ட அது வளரும் உயரம்தானே, இங்கேயே வளர்க்கலாமே என்கிறவர்களுக்கு: உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு செடி என்ன செய்யும்?

அப்புறம் சட்டம். ஸ்லிப்பர் ஆர்க்கிட்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன; 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாம் அட்டவணையில். காட்டிலிருந்து பறிப்பது குற்றம். வளர்க்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்பவர்கள் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள். நீங்களே மலையேறித் திரும்ப நடப் போகாதீர்கள், தொட்டி நோயும் கூடவே போகும். கைமாற்றியும் விடாதீர்கள்.

மலையில் அரிய பூ பார்த்தால் படம் எடுங்கள், தாராளமாக. இடத்தை மட்டும் போடாதீர்கள். பதிவைப் பார்த்து மண்வெட்டியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் எஸ்டேட்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நிழல் மரத்தில் தொற்றியிருக்கும் ஆர்க்கிட் புல்லுருவி அல்ல. மரத்தில் ஒரு சொட்டும் உறிஞ்சாது, பிடித்து மட்டும்தான் நிற்கும். சுரண்டி எறியாதீர்கள். கவாத்தில் கிளையோடு விழுந்தால் அதே தோட்டத்தில் இன்னொரு மரத்தில் சணல் கயிற்றால் கட்டிவிடச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்ளும்.

ஆர்க்கிட் பார்க்க ஆசையா? இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1963இலிருந்து ஏற்காட்டிலேயே ஆர்க்கிட் தோட்டம் வைத்திருக்கிறது, போய்ப் பாருங்கள். வளர்க்க ஆசை என்றால் ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வந்த டென்ட்ரோபியமோ ஃபலனாப்சிஸோ பில்லோடு வாங்குங்கள். ஃபலனாப்சிஸ் என்றால் குருத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், அழுகிவிடும். உரமெல்லாம் அதற்கப்புறம் பேசலாம்.