கடலடியில் கசியும் நன்னீரை அளப்பது எப்படி?

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள வில்லூண்டித் தீர்த்தத்துக்குச் சென்று வந்த வாசகர் ஒருவர், சுற்றிலும் கடல்நீர் கரிக்க, நடுவிலுள்ள கிணற்றில் மட்டும் குடிநீர் கிடைப்பது எப்படி என்று கேட்டிருந்தார். இராமர் வில்லை ஊன்றிய இடத்தில் ஊற்றுப் பிறந்தது என்கிறது தலபுராணம். மண்ணுக்குள் நடப்பதை அறிந்துகொள்வதால் அந்தக் கதையின் அழகு குறைந்துவிடாது என்றே நான் கருதுகிறேன். தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் கரை மணலைத் தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவதும் இதே நீரால்தான். மணலில் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதன் மட்டம் கடல்மட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பதால், கடலடி மணல் வழியாக ஓயாமல் வெளியே கசிகிறது.

ஆற்றுநீரை அளக்கப் பாலத்தில் நின்றால் போதும். கண்ணுக்குத் தெரியாமல் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கசியும் நீரை எப்படி அளப்பது? மிக எளிய கருவியை டேவிட் லீ என்ற ஆய்வாளர் 1977-இல் விவரித்தார். இரும்புப் பீப்பாயின் ஒரு முனையை வெட்டியெடுத்து, திறந்த பக்கத்தைக் கடலடி மணலில் அழுத்திவிட்டு, மேலேயுள்ள துளையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்ட வேண்டும். வெறும் பை தானாகவே விரிந்து நீரை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், முன்கூட்டியே அளந்த நீரை அதில் சிறிது ஊற்றி வைப்பார்கள். பீப்பாயின் பரப்பு ஏறத்தாழ கால் சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் பையில் ஒரு லிட்டர் கூடினால், அந்த இடத்தில் நாளொன்றுக்குச் சுமார் 9.5 சென்டிமீட்டர் உயர நீர் கசிகிறது என்று பொருள். ஆனால் பத்தடி தள்ளி வைத்த பீப்பாய் வேறொரு விடை சொல்லும். ஒரு கழிமுகம் முழுவதற்கும் விடை வேண்டுமென்றால் கதிரியக்கத் தனிமமான ரேடியத்தைத்தான் நாட வேண்டும்.

இந்த உத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. மணலிலுள்ள தோரியமும் யுரேனியமும் சிதைந்து இடைவிடாமல் ரேடியத்தை உண்டாக்குகின்றன. நன்னீரில் அந்த ரேடியம் மணல் துகளோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். உப்புநீர் வந்து கலந்தவுடன், கூட்டமாக வரும் உப்பின் அயனிகள் அதை இடத்தைவிட்டுப் பெயர்த்து நீருக்குள் தள்ளிவிடும். ஆகவே, கரையோரக் கடல்நீரில் ரேடியம் மிகுந்திருந்தால், அது மண்ணுக்குள் புகுந்து வந்த நீருக்குச் சான்றாகிறது. அது மட்டுமன்று, தானே சிதைந்து குறைவதால் ரேடியம் கடிகாரமாகவும் பயன்படுகிறது. இயற்கையில் கிடைக்கும் அதன் நான்கு வகைகளும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. ரேடியம்-224 பாதியாகக் குறைய 3.66 நாள், ரேடியம்-223-க்கு 11.4 நாள், ரேடியம்-228-க்கு 5.75 ஆண்டு, ரேடியம்-226-க்கு 1,600 ஆண்டு. கரையைவிட்டு விலக விலக முதலிரண்டின் விகிதம் மாறுவதைக் கொண்டு, நீர் கரையைவிட்டுப் புறப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று கணிக்கலாம். கழிமுகத்தில் மிகையாக உள்ள ரேடியத்தை அந்த நாள்களால் வகுத்து, கிடைப்பதைக் கரைக் கிணற்றுநீரின் ரேடியம் அளவால் மீண்டும் வகுத்தால் கசிவின் அளவு கிடைத்துவிடும்.

செய்முறையும் அழகானது. பெர்மாங்கனேட் கரைசலில் ஊறிக் கறுத்த அக்ரிலிக் இழையின் வழியே நூறு, இருநூறு லிட்டர் கடல்நீரை மெல்லச் செலுத்தினால், ரேடியம் முழுவதும் இழையில் தங்கிவிடும். பிறகு அந்த இழையினூடே ஹீலியத்தைச் சுழற்றி, ரேடியம் சிதைந்து வெளிப்படும் ரேடான் வாயு தானும் சிதையும்போது கருவியில் தோன்றும் சிறு ஒளி மின்னல்களை எண்ணுகிறார்கள். முதல் மின்னலுக்குச் சில மில்லி நொடிகளுக்குள் அடுத்தது வந்தால் ரேடியம்-223. சற்றுத் தாமதித்து, நொடியின் சிறு பின்னத்துக்குப் பின் வந்தால் ரேடியம்-224.

கடலியலாளர் வில்லர்ட் மூர் 1996-இல், அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் இவ்வாறு வரும் நீர் அங்குள்ள ஆறுகள் கொண்டுவரும் நீரில் 40 விழுக்காட்டுக்கு ஈடாகும் என்று ரேடியம்-226-ஐக் கொண்டு கணக்கிட்டபோது பலர் திகைத்தனர். அதில் பெரும்பகுதி மழைநீரன்று, மணலுக்குள் புகுந்து திரும்பும் கடல்நீரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த நீர் வெறுங்கையோடு திரும்புவதில்லை, மண்ணில் கரைந்திருப்பதையும் சுமந்து வருகிறது.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வாக்காய்ட் விரிகுடாவில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அங்கே மண் முழுவதும் பனியாறுகள் விட்டுச்சென்ற மணல். வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து இறங்கும் நைட்ரேட் நிலத்தடி நீரோடு கடலுக்குப் போய்ப் பாசியைப் பெருக்க, பாசி ஒளியை மறைக்க, கடல்புல் அழிந்தது. நீரின் அளவை அதிலுள்ள நைட்ரேட்டின் செறிவால் பெருக்கினால் கடலைச் சேரும் சுமை தெரிந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் மணலில் நைட்ரேட்டின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகின்றன. இரும்புத் துரு படிந்த மணல் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆதலால் ஊர்க் கிணற்றில் மட்டும் நீரெடுத்துப் பயனில்லை, கரை விளிம்பின் மணலுக்குள் குழாய் இறக்கியும் எடுக்க வேண்டும்.

அப்பகுதியில் நிலத்தடி நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அடி நகர்கிறது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் இன்று இறங்கும் கழிவு கடலைச் சேர ஒன்பது ஆண்டுகள் ஆகலாம். இப்படிப்பட்ட நீரை அளக்க மூன்றாண்டுத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கி, அறிக்கை வந்ததும் நிறுத்திவிடும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. பாக் விரிகுடாவில் கடற்பசுக்களுக்காகத் தமிழ்நாடு 2022-இல் காப்பகம் அறிவித்துள்ளது. கடற்பசு உண்பது கடல்புல்லை. அந்தக் கரையின் கிணறுகளில் ஆண்டுதோறும், மழைக்கு முன்பும் பின்பும், நைட்ரேட்டும் ரேடியமும் அளக்கப்பட வேண்டும்.