கிராத்: நகரமா, எயிலா?

ஸ்லாவிய மொழிகளில் ‘கிராத்’ என்றும் ‘கொரோத்’ என்றும் வழங்கும் சொல்லை ‘நகரம்’ என்று தமிழாக்குவது இக்காலச் செர்பிய, ரஷ்ய வழக்குக்குப் பொருந்தும். இடைக்கால வரலாற்றுக்குப் பொருந்தாது. ‘வளைத்து அடைத்த இடம்’ என்பதே அதன் வேர்ப்பொருள். மரக்கட்டைகளை அடுக்கி, இடையே மண் நிரப்பி எழுப்பிய எயிலுக்குள், அதாவது மதிலுக்குள், தலைவனும் அவன் படையும் தங்கியிருந்த இடமே தொடக்ககாலக் கிராத். வணிகரும் கைவினைஞரும் பின்னர் அதனை ஒட்டிக் குடியேறினர். செக் மொழியின் ‘ஹ்ராத்’ இன்றும் கோட்டையை மட்டுமே குறிக்கிறது. வடமொழியின் ‘கிருஹ’ என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்தது என்பர். அவ்வாறாயின் நம் கிருகப்பிரவேசத்துக்கும் ஸ்டாலின்கிராடுக்கும் தூரத்து உறவு உண்டு.

சாவா ஆறு தன்யூபில் கலக்கும் மேட்டில் நிற்கும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடு, இச்சொல்லுக்கு நல்ல சான்று. கெல்த்தியரும் ரோமானியரும் சிங்கிதூனம் என்றழைத்த அவ்விடத்தின் ஸ்லாவியப் பெயர், பல்கேரிய மன்னன் போரிசுக்குத் திருத்தந்தை எட்டாம் யோவான் 878இல் எழுதிய கடிதத்தில்தான் முதன்முதலாகக் காணப்படுகிறது. ‘பெல்’ என்றால் வெண்மை. சுண்ணக்கல் மதிலின் நிறத்தால் வந்த பெயர் என்பது பொதுவான விளக்கம். செர்பிய மொழியில் லகரம் உயிராகத் திரிந்து அது ‘பெயோகிராத்’ ஆயிற்று. பல்கேரியர், பைசாந்தியர், அங்கேரியர் என ஆட்சி கைமாறியபோது பெயரும் மொழிமாறியது: அங்கேரியர் ‘நாண்டோர்ஃபெஹேர்வார்’ என்றனர், இலத்தீனில் ‘அல்பா கிரேக்கா’ என்று எழுதினர், ஜெர்மானியர் ‘கிரேக்க வெண்கோட்டை’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். எவரும் வெண்மையை விடவில்லை.

செர்பிய ஆட்சியாளர் ஸ்டெஃபான் லாசரெவிச், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைத் தம் தலைநகராக்கி மதிலை விரிவாகக் கட்டினார். 1427இல் அவர் இறந்ததும் அது மீண்டும் அங்கேரியின் வசமாயிற்று. 1456இல் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெகமதின் முற்றுகையை அங்கேரியப் படைத்தலைவர் ஹுன்யாடி முறியடித்தார். 1521இல் துருக்கிய சுல்தான் சுலைமான் அதனைக் கைப்பற்றினார். துருக்கியர் மட்டும் பெயரை மொழிபெயர்க்காமல் ‘பெல்கிராத்’ என்றே வைத்துக்கொண்டனர். ஆயினும் கோட்டையை அடுத்த வெளிக்கு அவர்கள் இட்ட ‘கலேமெய்தான்’ என்ற பெயர் இன்று ‘கலேமெக்தான்’ என வழங்குகிறது. அதிலுள்ள ‘மெய்தான்’தான் நம் மைதானம்.

தமிழ்ச் சொல்லைத் தேர்வதில் காலத்தைப் பார்க்க வேண்டும். ‘கோட்டை’ என்றால் மதிலுக்குள் வாழ்ந்த குடிகள் மறைந்துவிடுகின்றனர்; ‘நகரம்’ என்றால் மதில் மறைந்துவிடுகிறது. சங்கப் பாட்டில் ‘நகர்’ மாளிகையையும் குறித்தது என்பது வேறு செய்தி. மதிலையும் ஊரையும் சேர்த்தே சொல்லும் ‘எயிற்பட்டினம்’ என்ற பழம்பெயர் நம்மிடம் இருக்கிறது. ‘பட்டினம்’ கடற்கரை ஊரைச் சுட்டுவதால், உள்நாட்டுக் கிராதுக்கு ‘எயிலூர்’ என்பதே என் தேர்வு. இடப்பெயராக வருமிடத்தில் பெல்கிரேடு என்றே எழுதி, முதல்முறை மட்டும் ‘வெள்ளெயில்’ எனப் பொருள் குறித்தால் போதும்.